ரெட்டை சைக்கிள் விற்பனைக்கு

நெதர் ஹோப்,
ஷ்ராப்ஷயர்.
20 பிப்ரவரி 1955

அன்புள்ள டார்கஸ்,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நாரிச்சில் பனி விட்டுவிட்டதா? இங்கே மலைச்சரிவில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டதால் பொழுதுக்கும் ஒரே கத்தல். எனக்கு இருமல் போய்விட்டது. நீ பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையைத்தான் இப்போதும் போட்டிருக்கிறேன், ஆகவே அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் விசாரிக்காதே.

கிறிஸ்துமஸில் உன்னிடம் கொடுத்த வாக்கு நினைவிருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஜூன் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன். அப்புறம் மீதிக் காலம் உன் வீட்டுப் பின்னறையில்தான். வில்ஃபிரட் போய்ச்சேர்ந்த பிறகு இரண்டு குளிர்காலம் இந்த மலையில் தனியாக இருந்து பார்த்தாயிற்று. நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கோழிகளைத் தபாலாபீஸ் மிஸஸ் பிராபர்ட் எடுத்துக்கொள்கிறாள். பெரிய கடிகாரம் பாதிரியார் வீட்டுக்குப் போகிறது. மீதி இருப்பது நானும் வில்ஃபிரட்டும் மிதித்த ரெட்டை சைக்கிள் ஒன்றுதான். உன் வீட்டு நடையில் அது நுழையாது. அது நுழைந்தால் நீ நுழைய முடியாது. எனவே அதை விற்றுவிட்டு வருகிறேன். தபாலாபீஸ் ஜன்னலில் ஒரு அட்டை எழுதி ஒட்டினேன். "இருவர் மிதிக்கும் சைக்கிள். பச்சை நிறம். நல்ல நிலை." மிஸஸ் பிராபர்ட் படித்துப் பார்த்துவிட்டு, "சாதுன்னு ஒரு வார்த்தை போடு ஹெஸ்டர், குதிரைக்குப் போடுவாங்களே" என்றாள்.

முதலில் ஒரு இளம் ஜோடி வந்தது. யார் முன்னால் உட்காருவது என்று முதல் வளைவிலேயே சண்டை. சைக்கிளை என் வாசலில் சாத்திவிட்டு ஆளுக்கொரு ஓரமாக நடந்து போனார்கள். அப்புறம் மிஸ்டர் டஃப்லி வந்தார். உனக்குத் தெரியாது, இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவர்தான் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். ஓங்கிய ஆள், ஒல்லி. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். "முன்சக்கரம் கொஞ்சம் சுருதி விலகி இருக்கு. மத்தபடி நல்ல வண்டி" என்றார். பிறகு சங்கடமாகத் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "ஓட்டிப் பாக்காம வாங்க முடியாது மிஸஸ் காலிக். ஆனா இத ஒருத்தனா ஓட்டிப் பாக்க முடியாதே" என்றார்.

வருகிற ஞாயிறு பின்னால் உட்கார்ந்துகொண்டு போகிறேன். வியாபாரம் என்று வந்தால் இதெல்லாம் செய்துதானே ஆக வேண்டும்.

என்றும் உன்,
ஹெஸ்டர்

---

நாரிச்,
27 பிப்ரவரி 1955

அன்புள்ள அக்கா,

நலம். முழங்கால் மாடிப்படியில் மட்டும் முனகுகிறது, கீழே இறங்கினால் சும்மா இருக்கிறது. கடையில் வியாபாரம் பரவாயில்லை. குளிர் நீடித்தால் கம்பளி நூல் விற்கிறவளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது.

உன் அறைக்குச் சுவர்க்காகிதம் ஒட்டியாயிற்று. வெளிர் மஞ்சளில் சின்னச் சின்னப் பூ. ஒட்ட வந்தவன் ஒரு மூலையில் பூவைத் தலைகீழாக ஒட்டிவிட்டான். கட்டிலை அங்கே போட்டு மறைத்துவிட்டேன், நீ தேடிக் கண்டுபிடிக்காதே.

நேற்று இன்னொரு முட்டைக் கிண்ணம் வாங்கினேன், ஒரு கிண்ணத்தில் ஒரு அவித்த முட்டைதானே நிற்கும். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் காலையில் ஒரே கிண்ணம்தான். கடைக்காரி, "விருந்தாளி வராங்களா?" என்றாள். "விருந்தாளி இல்ல, எங்க அக்கா. வந்தா திரும்பிப் போக மாட்டா" என்றேன். வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிரிக்காதே.

அந்தச் சைக்கிளைச் சீக்கிரம் தள்ளிவிடு. மழையில் நனைய மனுஷர்கள் கண்டுபிடித்த வழிகளிலேயே அதுதான் ரொம்பக் கஷ்டமானது என்று அத்தானிடம் அப்போதே சொன்னேன்.

உன் தங்கை,
டார்கஸ்

---

நெதர் ஹோப்,
20 மார்ச் 1955

அன்புள்ள டார்கஸ்,

நலம், உன் நலம் அறிய ஆவல். முட்டைக் கிண்ணத்துக்கு நான் சிரிக்கவில்லை.

சைக்கிள் இன்னும் விற்கவில்லை. மிஸ்டர் டஃப்லி நிதானமான ஆள். முதல் ஞாயிறு செயினில் ஏதோ முணுமுணுப்பு கேட்கிறது என்றார். அடுத்த ஞாயிறு எண்ணெய் போட்டுக்கொண்டு வந்தார். முணுமுணுப்பு நின்றது. நின்றது நிஜமா என்று பார்க்கக் கொஞ்சம் தூரமாகப் போக வேண்டியிருந்தது. மூன்றாவது ஞாயிறு, ஈரத்தில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். அன்றைக்குப் பார்த்து வெயில். ஷ்ராப்ஷயரில், மார்ச் மாதத்தில், மழைக்காகக் காத்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். மழை வரும் என்று போய்க்கொண்டே இருந்தோம். வரவில்லை. ஹாட்னெட் பண்ணையில் டீயும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். இந்த ஞாயிறு மழை வந்தது. பிரேக் பிடிக்கிறது.

ஏற்றத்தில் வில்ஃபிரட் பாடுவார், நினைவிருக்கிறதா? மூச்சு வாங்க வாங்கப் பாடுவார். இவர் பாடுவதில்லை. எதையாவது பார்த்தால் பேசாமல் அந்தப் பக்கம் கையை நீட்டுவார். திரும்பிப் பார்த்தால் ஒரு முயல் இருக்கும், இல்லாவிட்டால் வேலியடியில் முதல் பூ.

அடுத்த வாரம் பின்சக்கரத்தைப் பார்க்க வேண்டுமாம்.

என்றும் உன்,
ஹெஸ்டர்

---

நாரிச்,
26 மார்ச் 1955

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சௌக்கியம், எல்லோரும் என்றால் நானும் பூனையும்.

இந்தக் கடையை நான் ஒரே மத்தியானத்தில் பார்த்து, பேசி, வாங்கினேன். கூரை ஒழுகியது, அதையும் சேர்த்துத்தான் வாங்கினேன். ஒரு பழைய சைக்கிளை வாங்க அந்த மனுஷர் ஒரு மாதமாக எண்ணெய் போடுகிறாராம், மழைக்குக் காத்திருக்கிறாராம். நல்லா இருக்கே கதை.

ஒன்று மட்டும் கேட்டுச் சொல். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால், வாங்கிக்கொண்டு போனபின் அவர் வீட்டில் பின் சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள்? பியானோவா?

உன் தங்கை,
டார்கஸ்

---

நெதர் ஹோப்,
24 ஏப்ரல் 1955

அன்புள்ள டார்கஸ்,

நலம். பூனையைக் கேட்டதாகச் சொல். நீ கேட்கச் சொன்னதைக் கேட்க எனக்குச் சந்தர்ப்பம் அமையவில்லை.

ஆனால் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று நடந்துவிட்டது. நான் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

நானாகக் கேட்கவில்லை. போன வாரம் அவர்தான், "முன்னால எல்லாம் பாத்தாச்சு மிஸஸ் காலிக். வாங்கறவன் பின் சீட்டையும் பாத்துத்தானே வாங்கணும்" என்றார். "அப்ப முன்னால யாரு?" என்றேன். என் பக்கமாகக் கையை நீட்டினார். நான் ஸ்பேனரை எடுத்து முன் சீட்டை இறக்கினேன். அது வில்ஃபிரட் வைத்த உயரம். இறக்கும்போது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, மறைப்பானேன். மிஸ்டர் டஃப்லி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, ரொம்ப அக்கறையாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறினேன். ஹேண்டில்பாரைப் பிடித்தேன். நேரே வேலிப் புதருக்குள் கொண்டுபோய் விட்டேன். முள்ளுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது: "வேலி நல்லா இருக்கு. இப்ப ரோட்டையும் ஒரு தடவ பாத்துரலாமா?"

டார்கஸ், இருபது வருஷத்துக்கு மேல் இந்தச் சாலைகளில் மிதித்திருக்கிறேன். இங்கே ஒவ்வொரு வளைவும் தெரியும் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வில்ஃபிரட்டின் கோட்டில் நடுத்தையல் எங்கே பிரிந்திருந்தது என்பதுதான். பின்னால் உட்கார்ந்தவளுக்குச் சாலை எப்போதும் பக்கவாட்டில்தான் போகும். அது எதிரே இருந்து வரும் என்பது எனக்குத் தெரியாது. மரக்கிளைகள் மேலே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்க, அதன் அடியில் சாலை அப்படியே என் பக்கமாக வருகிறது. நான் இடப்பக்கம் நினைத்தால் வண்டி இடப்பக்கம் போகிறது. ஓடைப் பாலத்துக்கு இறங்குகிற இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில், ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வருகிறவர்கள் பார்க்கும்படி.

மிஸஸ் பிராபர்ட் அப்புறம் கேட்டாள், "வண்டி வித்துருச்சா, இல்ல ஆள்தான் விழுந்துருச்சா?" வேலியில் விழுந்ததைத்தான் கேட்கிறாள் என்று நினைக்கிறேன்.

என்றும் உன்,
ஹெஸ்டர்

---

நாரிச்,
1 மே 1955

அன்புள்ள அக்கா,

நலம். வேலி முள் குத்திய இடத்தில் அயோடின் போட்டாயா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கடையில் ஒரு பெண்மணியிடம் கூட வாசித்துக் காட்டினேன். ஆனால் நாரிச் என்ற வார்த்தை கவரின் மேல் மட்டும்தான் இருக்கிறது, உள்ளே எங்கேயும் இல்லை. உன் அறையைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரவாயில்லை, சாலை எதிரே வரும்போது அறை நினைவுக்கு வராதுதான்.

ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்க வேண்டும். பச்சையா, வெள்ளையா? சொன்னால் துணி எடுத்துவிடுவேன்.

உன் தங்கை,
டார்கஸ்

---

நெதர் ஹோப்,
24 மே 1955

அன்புள்ள டார்கஸ்,

நலம். அயோடின் போட்டேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

போன ஞாயிறு ஒரு கூத்து நடந்தது. இந்த மலை மேல் போகிற சாலையில் ஆடுகள் தப்பிப் போகாமல் இருக்க நாலைந்து இடத்தில் குறுக்கே கேட் உண்டு. ரெட்டை சைக்கிள்காரர்களுக்கு அதில் ஒரு வழக்கம். பின்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறக்க வேண்டும், முன்னால் இருப்பவர் வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், பின்னவர் கேட்டைச் சாத்திவிட்டு வந்து ஏறிக்கொள்வார். இத்தனை வருஷமும் கேட் திறந்தது நான்தான். இப்போது அவர்.

கடைசிக் கேட் உச்சியில் இருக்கிறது. அதைத் தாண்டினால் இரண்டு மைல் இறக்கம். கேட் வீசிச் சாத்துவதற்கு இடம் போதவில்லை என்று அவர் சீட்டில் கை வைத்து வண்டியை லேசாக முன்னால் தள்ளியிருக்கிறார். ஏறிவிட்டார் என்று நினைத்து நான் கிளம்பிவிட்டேன். இறக்கத்தில் மிதிக்க வேண்டிய வேலை இல்லையே, பின்னால் பாரம் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? பேசிக்கொண்டே போனேன். முகத்தைப் பார்க்காமல் பேசுவது எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரியாது. கீழே வந்து ஏற்றம் ஆரம்பித்ததும் வண்டி கல்லாகக் கனத்தது. "நீங்களும் கொஞ்சம் மிதிக்கலாமே" என்று திரும்பினேன். சீட் காலி.

அரை மணி கழித்து ஹாட்னெட்டின் டிராக்டர் வந்தது. பின்னால் பன்றிகளை ஏற்றுகிற வண்டி. அதில் ஒரு பெரிய பன்றிக்குப் பக்கத்தில் மிஸ்டர் டஃப்லி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கி, வைக்கோலைத் தட்டிவிட்டு, "மேலருந்து பாத்துட்டே இருந்தேன். கைய ஆட்டி ஆட்டிப் பேசிட்டே போனீங்க. என்ன சொன்னீங்க?" என்றார்.

"வானிலை" என்றேன்.

நேற்று இந்த வீட்டுக்குக் குடிவரப் போகிறவர்கள் சமையலறையை அளந்து பார்க்க வந்தார்கள். நல்ல மனுஷர்கள். அவர்கள் போகிறவரை நான் கொட்டகையில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தேன்.

முன் டயர் மாற்றிய பிறகுதான் முடிவு சொல்ல முடியும் என்கிறார் மிஸ்டர் டஃப்லி.

என்றும் உன்,
ஹெஸ்டர்

---

நாரிச்,
28 மே 1955

அன்புள்ள அக்கா,

நலம். பன்றி வண்டியை நினைத்து நினைத்துச் சிரித்து விலாவே வலிக்கிறது. அப்புறம் நீ கொட்டகையில் நின்ற வரிக்கு வந்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த இரண்டு மைலும் காலி சீட்டிடம் என்ன பேசினாய்?

திரைச்சீலைத் துணி இன்னும் எடுக்கவில்லை.

டார்கஸ்

---

நாரிச்,
14 ஜூன் 1955

மதிப்பிற்குரிய மிஸ்டர் டஃப்லி அவர்களுக்கு,

நலம் என நம்புகிறேன். நாம் சந்தித்ததில்லை. மிஸஸ் ஹெஸ்டர் காலிக்கின் தங்கை நான், நாரிச்சில் கம்பளி நூல் கடை வைத்திருக்கிறேன். என் அக்கா இரண்டு வாரத்துக்கு மேலாக எனக்குக் கடிதம் எழுதவில்லை. நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை, பொய் சொல்லவும் அவளுக்கு வராது. அதனால் பேனாவையே எடுக்காமல் இருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்தச் சைக்கிளை நான் வாங்குவதாக இருக்கிறேன். வரும் 25-ஆம் தேதி, சனிக்கிழமை, ஒரு வேனோடு வந்து எடுத்துப் போகிறேன். அக்காவையும் அதே வேனில் அழைத்து வந்துவிடுவேன். நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று கேள்வி. ஆட்சேபணை ஏதாவது இருந்தால், இடையில் ஒரு ஞாயிறு இருக்கிறது. வண்டியின் சொந்தக்காரியிடமே சொல்லிவிடுங்கள்.

எனக்குச் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் என் கடைக்கு வருகிற சில பெண்கள் ஒரு சட்டையைப் பின்னிக்கொண்டே இருப்பார்கள். கடைசி வரியைப் பின்னிவிட்டு உடனே பிரிப்பார்கள், மறுபடி பின்னுவார்கள். பின்னத் தெரியாமல் இல்லை. முடிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்த விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் பெருந்தன்மைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் என்னோடு வந்து இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ரொம்ப ஆசை. ஆனால் வருகிறவள் மனசோடு வர வேண்டும். கொட்டகையில் மனசை விட்டுவிட்டு ஒருத்தி இங்கே வந்து என் எதிரில் முட்டை சாப்பிடுவதை என்னால் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
டார்கஸ் இன்ஸ்கிப்

---

அப்பர் ஹோப்,
ஷ்ராப்ஷயர்.
20 ஜூன் 1955

மதிப்பிற்குரிய மிஸ் இன்ஸ்கிப் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் இப்போது தேவலையா? இறக்கங்களில் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போவோம், அதனால் தெரியும்.

தாங்கள் எழுதிய கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அன்று பாதிரியார் வீட்டுப் பியானோவுக்குச் சுருதி சேர்த்தேன். மறுநாள், சுருதி சேரவில்லை என்று அவரே ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிட்டார். என் தொழிலில் இப்படி நடந்ததில்லை.

நேற்று ஞாயிறு. மேல் கேட்டில் வழக்கம்போல இறங்கினேன், திறந்தேன், உங்கள் அக்கா தாண்டினார்கள், சாத்தினேன். ஆனால் ஏறவில்லை. உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ எப்பவுமே இப்படித்தான்" என்றார்கள். பிறகு நான், "மிஸஸ் காலிக், அன்னிக்கு இந்த இறக்கத்துல நீங்க என்ன பேசினீங்களோ, அத மறுபடி பேசுங்க. இந்த தடவ நான் சீட்ல இருக்கேன்" என்றேன்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். அப்புறம், "நான் திரும்பிப் பாக்க மாட்டேன். நீங்களும் நடுவுல பேசக் கூடாது" என்றார்கள்.

ஏறினேன். ஏறிவிட்டேன் என்பதற்கு அடையாளமாக மூன்று தடவை மணி அடித்தேன். இரண்டு மைலும் அவர்கள் பேசினார்கள். என்ன என்று நான் எழுதக் கூடாது, அதை உங்கள் அக்காதான் எழுத வேண்டும். நான் நடுவில் பேசவில்லை. கீழே ஓடைப் பாலத்தில் வண்டி நின்றதும் எனக்குப் பேச அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவர்கள் ஏற்றத்தில் பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அதனால் பதிலுக்கு ஹாட்னெட் பண்ணை உச்சி வரை மிதிக்க வேண்டியிருந்தது. என் வாழ்நாளில் ஒரு மலையை அவ்வளவு வேகமாக ஏறியதில்லை.

ஆகவே, வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன், சைக்கிள் விற்பனைக்கு இல்லை. ஜன்னலிலிருந்து அட்டையை எடுத்துவிடும்படி மிஸஸ் பிராபர்ட்டிடம் சொன்னோம். அவர் அதை ஏப்ரல் மாதமே எடுத்துவிட்டாராம்.

தங்கள் பணிவுள்ள,
ஆம்ப்ரோஸ் டஃப்லி

---

நெதர் ஹோப்,
22 ஜூன் 1955

என் அன்புள்ள டார்கஸ்,

நான் நலமோ நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். அன்று காலி சீட்டிடம் நான் சொன்னது இதுதான்: எனக்கு நாரிச்சுக்குப் போக மனசில்லை. என் தங்கை மேல் உயிரையே வைத்திருக்கிறேன், அவள் வாங்கி வைத்த முட்டைக் கிண்ணத்தை நினைக்காத நாள் இல்லை, ஆனாலும் மனசில்லை. இப்போதுதான் எனக்கு முன்னால் ஒரு சாலை வந்திருக்கிறது. நீங்கள் இந்த வண்டியை வாங்காதீர்கள் மிஸ்டர் டஃப்லி. வாங்கினால் நான் கிளம்பியாக வேண்டும். டயர் தேயட்டும், செயின் முணுமுணுக்கட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டே இருங்கள். இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கேட்டது ஹாட்னெட்டின் ஆடுகள்.

உன்னிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. உன் கடிதங்கள் ஒவ்வொன்றிலும் அந்த அறை கொஞ்சம் கொஞ்சமாக அழகாகிக்கொண்டே வந்தது. நான் என்ன செய்வேன்?

வில்ஃபிரட்டை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஏற்றத்தில் இப்போது நான் பாடுகிறேன். ஆம்ப்ரோஸ் சுருதி விலகுகிறது என்று சொல்வதில்லை, அவர் தொழிலுக்கு அது பெரிய தியாகம்.

வீட்டைச் சொன்னபடி காலி செய்துவிட்டு மிஸஸ் பிராபர்ட்டின் மாடியில் இருக்கப் போகிறேன். ஜூலையில் மூன்று ஞாயிறு சர்ச்சில் எங்கள் பெயரை வாசித்து ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள், நாங்களும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று ஞாயிறு சைக்கிள் இல்லை. ஆம்ப்ரோஸ் பாதிரியாரிடம், "புதன்கிழம வாசிக்க முடியாதா?" என்று கேட்டார். பாதிரியாருக்குப் பியானோ கோபமே இன்னும் தீரவில்லை. ஜூலை 30 கல்யாணம். நீ வராமல் நடக்காது.

வாக்கு கொடுத்தது கொடுத்ததுதான். ஆகஸ்டில் உன் பின்னறைக்கு வருகிறேன். ரயிலில் இல்லை. சின்னச் சாலைகளாகப் பார்த்து, இங்கிலாந்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மிதித்துக்கொண்டு வருகிறோம். நான்தான் முன்னால். பத்து நாள் உன்னோடு இருந்துவிட்டுத் திரும்புவோம், அடுத்த வருஷம் மறுபடி வருவோம், அதற்கடுத்த வருஷமும். இது போதுமா டார்கஸ்? போதாது என்றால் சொல்.

கோபமா? ஒரு வரி எழுது.

என்றும் உன்,
ஹெஸ்டர்

---

நாரிச்,
2 ஜூலை 1955

அன்புள்ள அக்கா, மிஸ்டர் டஃப்லி, இருவருக்கும்,

நலம். முழங்கால்கூட நலம்.

கடிதத்தைக் கடையிலேயே பிரித்துவிட்டேன். அழுதேன். நீ வரமாட்டாய் என்பதற்குக் கொஞ்சம், மீதியெல்லாம் வேறு எதற்கோ. நீலம் கேட்ட பெண்ணுக்குச் சாம்பல் நிறத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அவள் திருப்பிக் கொண்டுவரவில்லை, என் முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பாள். போதுமா என்று கேட்டாயே, போதாதுதான். ஆனால் நீ என் எதிரில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பதைவிட, பத்து நாள் வந்து வாய் ஓயாமல் சாலைக் கதை சொல்லிவிட்டுப் போவது எவ்வளவோ மேல்.

கல்யாணத்துக்கு வருகிறேன். யாரும் என்னை எந்தச் சைக்கிளிலும் ஏறச் சொல்லக் கூடாது.

திரைச்சீலைக்குப் பச்சை எடுத்துவிட்டேன். இனி உன்னைக் கேட்கப் போவதில்லை. கட்டில் மாற்றிப் போட வேண்டியிருந்தது, அதனால் அந்தத் தலைகீழ்ப் பூ வெளியே தெரிகிறது. முட்டைக் கிண்ணம் இன்னொன்று வாங்கினேன். கடைக்காரி, "இவங்க யாரு?" என்றாள். "எங்க அத்தான். இவங்க திரும்பிப் போவாங்க, ஆனா வருஷா வருஷம் வருவாங்க" என்றேன்.

அப்புறம் ஒரு விஷயம். என் வீட்டு வாசலில் ஒரு கேட் இருக்கிறது. ஸ்பிரிங் வைத்தது, யாராவது ஒருவர் இறங்கிப் பிடித்துக்கொண்டால்தான் சைக்கிள் உள்ளே வரும். அக்காவின் பழக்கம் தெரிந்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு தூரம் மிதித்து வந்து, என் வாசலில் அவரைத் தெருவில் விட்டுவிட்டு நீ மட்டும் பேசிக்கொண்டே கொல்லை வரை போய்விடுவாய்.

நேற்று தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டேன். இரண்டு பேரும் இறங்காமல் உள்ளே வாருங்கள்.

டார்கஸ்